மயிலாத்தாள் கொடுத்த தண்ணீர்

ஒரு வழக்கு சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. முழுக்கக் கேட்காமல் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

நாமக்கல் பக்கம் நாச்சிமுத்துவுக்குப் பெரிய கோழிப்பண்ணை. குவிந்து கிடந்த எருவின் வாடை கண்ணைக் கரித்தது; மழை பெய்தால் அதன் சாறு மண்ணில் இறங்கி வீட்டுக் கிணற்றுக்கே போனது. அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டு, எருக்குழிக்குத் தளம் போடுவதை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். மனைவி மயிலாத்தாள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஒரே மகள் கோகிலாவுக்குத் தை மாதம் வளைகாப்பு. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான்.

இந்த நேரம் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அமலி வந்து இறங்கினாள். அவளுக்கும் ஆறாவது மாதம். நாச்சிமுத்து லேசுப்பட்டவரா? தள்ளி மேட்டுக்காட்டில் இருந்த போர்வெல்லைக் காட்டி, "பொழங்கறதெல்லாம் இந்தத் தண்ணிதானுங்க" என்றார். அவள் சோதனைக்காக அதில் பாட்டிலை நிரப்பிக்கொண்டதும் அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வெயிலில் நடந்து வந்தவள் வாசலில் உட்கார்ந்தாள். மயிலாத்தாள் கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அமலி மடமடவென்று குடித்துவிட்டு வெறுஞ்செம்பை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்ட மயிலாத்தாள் அவள் தலையை வருடினாள்.

"இது வெலைக்கு வாங்குன தண்ணி கண்ணு. எங்க கெணத்துத் தண்ணி வவுத்துப் புள்ளைக்கு ஆவாது."

அமலி பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

உத்தரவு வந்தது: எருக்குழிக்குத் தளமும் கூரையும் போடும்வரை புதுக் குஞ்சு இறக்கக் கூடாது. நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் இப்படிச் செய்துவிட்டாளே என்ற வருத்தம் அதைவிடப் பெரிது. வீம்புக்குக் குழியைத் தொடவே இல்லை.

"பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே புள்ள. வாய் தவறிச் சொன்னியா, வேணும்னே சொன்னியா?"

"எப்பிடி வேணாலும் வெச்சுக்குங்க" என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள் அவள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிழைப்புக்காக மறைத்தவர், தண்ணீர் குடித்த வீட்டுக்கே உத்தரவு அனுப்பியவள், கட்டியவரைக் காட்டிக்கொடுத்தவள். இதில் யார் செய்தது சரி? மயிலாத்தாள் வாய் தவறித்தான் சொன்னாளா?

விடை அந்தச் செம்பில் இருக்கிறது. அமலியின் பிள்ளைக்காக மட்டும் என்றால், நல்ல தண்ணீர் கொடுத்ததோடு வேலை முடிந்தது. அவள் பேசியது செம்பு காலியான பிறகு. ஆகவே தெரிந்துதான் சொன்னாள், இன்னும் அந்த வாசலை மிதிக்காத ஒரு பிள்ளைக்காகச் சொன்னாள். தவழும் பிள்ளை எந்தக் குழாயில் வாய் வைக்கும் என்று யார் காவல் இருப்பது? அமலி தன் கடமையைச் செய்தாள். ஆனால் நியாயம் மயிலாத்தாள் பக்கம். நாச்சிமுத்துவுக்கு இது விளங்கத் தை மாதம் ஆயிற்று. வளைகாப்பு முடிந்து வந்த கோகிலா, தாகத்தில் பழக்கதோஷமாகக் கிணற்றுக் குழாயைத் திறந்து கையேந்தினாள். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தவர் நாச்சிமுத்துதான். "அந்தத் தண்ணி வேண்டாஞ் சாமி, வவுத்துப் புள்ளைக்கு ஆவாது" என்றவர், சொன்ன பிறகுதான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே தளம் போட ஆள் வந்தது.