ஒயர் பிடித்தவள்

பதில் தெரிந்த கேள்வியைத்தான் மதிவதனி அன்று மதியம் பர்வீனிடம் கேட்டாள்.

"ஒயர் ஏன்க்கா இப்படிக் கழண்டுக்கிட்டே இருக்கு?"

பர்வீன் அவளுக்குப் படமெடுக்கச் சொல்லித் தருகிறவள். சேலத்தில் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தாள். குரு என்று சொன்னால் சிரிப்பாள். இருவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அவளிடம் கிடையாது. பல்கலைக்கழகப் பேச்சு மேடையில் யாரையும் விட்டுவைக்காத வதனிக்கு, ஆரம்பத்தில் அதுதான் பெரிய எரிச்சல்.

அன்று காலையிலிருந்து ஒரு நகைக்கடைக்கு விளம்பரப் படம். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு நீளமாக ஓர் ஒயர். எடுத்த படம் அதன் வழியே ஓடிப் பெரிய திரையில் விழும். திரைக்கு முன்னால் கடை முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆரத்தைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் இருந்தவள் சுகுணா. பர்வீன் கேமராவைக் கையில் பிடித்து நகர்ந்து நகர்ந்து எடுத்தாள். ஒயர் காலில் சிக்காதபடி ஏந்திக்கொண்டு ஒட்டியே போவது வதனியின் வேலை. கம்ப்யூட்டர், சகாயத்தின் பொறுப்பு.

முதல் படம் விழுந்ததும் முதலாளி அதைப் பெரிதாக்கச் சொன்னார். ஆரத்தைப் பார்க்கவில்லை.

"என்னம்மா, பவுடர் போட்டும் கழுத்து இப்படிக் கறுப்பாத் தெரியுது? தேய்ச்சுக் குளிக்கிற வழக்கமே இல்லையா?"

சுகுணா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வதனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்படிப்பட்ட ஆளுக்குச் சொல்ல எத்தனையோ வாக்கியங்களை அவள் தீட்டி வைத்திருந்தாள். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. விரல்தான் அசைந்தது. கேமராவில் செருகியிருந்த ஒயரின் முனை கொஞ்சம் நழுவ, திரை கறுத்தது. முதலாளியின் பேச்சும் பாதியில் நின்றது.

அட, இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் ஒயர் கழன்றது.

பாவம், சகாயம். வேறு ஒயர் மாற்றினான். வேறு துளையில் செருகிப் பார்த்தான். நடுவிலிருந்த இணைப்புப் பெட்டியைத் தூக்கிவிட்டு நேராகவே மாட்டினான். கேமராவுக்குப் புது பேட்டரி போட்டான். கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றினான். தன் பக்கத்து முனையை டேப் போட்டு ஒட்டினான். அவன் மேசைக்கடியில் குனிந்ததும் வதனி முனையை அழுத்திவிடுவாள். படம் மெதுவாக ஊர்ந்து வரும். சகாயம் சரிசெய்துவிட்டதாக நினைத்து நெற்றியைத் துடைப்பான். மறுபடி கழலும்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார் முதலாளி. சாப்பிடக் கிளம்பும்போது பர்வீனிடம் முடிவாகவே சொன்னார்: "நான் வரும்போது இந்த ஆள் இருக்கக் கூடாது. இல்லைன்னா நான் வேற ஸ்டூடியோ பார்த்துக்கறேன்."

சகாயம் செருப்பை மாட்டிக்கொண்டே வதனியிடம் வந்தான்.

"பஜார்ல போய் இன்னொரு ஒயர் வாங்கிட்டு வரேன். அதுலயும் முடியலைன்னா நானே போயிடறேன்மா. எனக்கு எதுன்னே பிடிபடல." கொஞ்சம் தயங்கினான். "காலையில இருந்து என்னை முறைக்காத ஆள் நீ ஒருத்திதான்."

அவன் இறங்கிப் போன பிறகுதான் வதனி அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒயர் பழசு என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

 பர்வீன் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். ஆரத்தை அதன் கழுத்தில் மாட்டினாள்.

"ஒயரைப் பிடி."

வதனி பிடித்தாள். பர்வீன் எடுக்க எடுக்கப் படங்கள் மளமளவென்று திரையில் விழுந்தன.

பர்வீன் திரையைப் பார்த்து முதலாளியின் குரலில் பேசினாள். "என்னம்மா, வயிறு இவ்வளவு பெருசா இருக்கு? காலையில என்ன சாப்பிட்டே?"

வதனி சிரித்துவிட்டாள். மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த சுகுணாவும் சிரித்தாள்.

பர்வீன் குரலை மாற்றவில்லை. "பவுடர் போட்டும் கழுத்து கறுப்பாத் தெரியுது. தேய்ச்சுக் குளிக்கிற வழக்கமே..."

திரை கறுத்தது.

வதனி தன் விரலைப் பார்த்தாள். அது ஒயரின் முனையில் மடங்கி இருந்தது.

முதலில் பேசியவள் சுகுணா.

"நீதானா?"

"உங்களுக்காகத்தான்க்கா. அந்த ஆள் பேசினதை என்னால..."

"ஸ்கிரீன் இருந்தா அதைப் பார்த்துப் பேசிட்டிருந்தார். அது அணைஞ்சா என் பக்கம் திரும்பி, மிச்சத்தை என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னார். நீ ஒயருக்குப் பின்னால நின்னே. உனக்குத் தெரிஞ்சிருக்காது." அவள் பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள். ஆரம் அழுத்திச் சிவந்திருந்தது. "எடுத்ததையே எடுத்து எடுத்து, ஆரத்தை வேற இறக்கவே முடியல."

வதனிக்குத் தரையைத் தவிரப் பார்க்க இடம் இல்லை. ஆனாலும் வாதாடிப் பழகிய வாய்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள் பர்வீனிடம்.

"கேமரா என் கையிலதானே இருக்கு. நீ இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் எனக்கு வரும்."

"முதல்லயே தெரியுமா? அப்ப ஏன் என்னைத் தடுக்கல? சகாயம் அண்ணன் திட்டு வாங்கறப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"ஸ்கிரீன் அணைஞ்சா எனக்கும் நிம்மதியா இருந்துச்சு" என்றாள் பர்வீன். செம்பிலிருந்து ஆரத்தைக் கழற்றினாள். 

சாப்பிட்டுவிட்டு முதலாளி திரும்பி வந்தபோது சகாயம் புது ஒயரை மாட்டிக்கொண்டிருந்தான். "இன்னும் இந்த ஆள் இங்கதான் இருக்கானா?" என்றார். "ஒயர் புதுசுங்க, ஒரே ஒரு படம் பார்த்துட்டு..." என்றான் சகாயம். பர்வீன் எடுத்தாள். படம் துளியும் தாமதமில்லாமல் வந்தது. சகாயத்தின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

முதலாளி அதைப் பெரிதாக்கச் சொன்னார்.

"தோள்பட்டையைப் பாரு. இதென்ன..."

சகாயம் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பழக்கம். மேசைக்கடியில் மண்டியிட்டுவிட்டான்.

அதைப் பார்த்ததும் வதனி கையை விட்டாள். ஒயர் தரையில் விழுந்தது. முனை கழலவில்லை. திரையில் படம் அப்படியே நின்றது.

"சார்," என்றாள். மேடையில் வரும் குரல் வரவில்லை.  "காலையில ஒயரைக் கழட்டினது நான். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க இவங்களைப் பேசறப்பல்லாம் கழட்டினேன். அப்படிப் பேசாதீங்கன்னு சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். பேசாதீங்க."

மேசைக்கடியிலிருந்து சகாயம் எழுந்தான். முட்டியில் தூசி. அவளைப் பார்க்கவில்லை. புது ஒயர் வந்த காலி உறையை எடுத்து மடித்தான், மறுபடி மடித்தான்.

முதலாளி பர்வீன் பக்கம் திரும்பினார்.

"ஒயர்ல என்ன கோளாறுன்னு காலையில இருந்து கேட்கறேன். இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது. நீ என்னம்மா சொல்றே?"

பர்வீன் கேமராவைக் கீழே வைத்தாள்.

"ஒயர்ல கோளாறு இல்லைங்க. காலையில இருந்து இங்க ரெண்டு வாய் வேலை செய்யல. ஒண்ணு இப்பத்தான் சரியாச்சு. இன்னொண்ணு என்னோடது. அதுவும் இப்ப பேசப்போகுது, கேட்டுக்குங்க."