ராஜா கற்ற தெலுங்கு

கொன்றையூர் ராஜா அழகேச பூபதிக்கு ஓலைச்சுவடியைக் கண்டாலே கொட்டாவி வந்துவிடும். அப்பேர்ப்பட்டவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. எல்லை ஏரி தங்களுடையது என்று வாதாட, பக்கத்து நாட்டுத் தெலுங்குத் தூதர் பௌர்ணமியன்று வருகிறார். அவருக்குத் தெலுங்கிலேயே பதில் சொல்லி அசத்த வேண்டுமாம்!

"அம்பலத்தாடி! தெலுங்கு தெரிந்தவர் நீர்தான், எனக்குக் கற்றுக்கொடும். ஆனால் படிக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். தூதர் முன்னால் நான் வாயடைத்து நின்றால் உமக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம்!"

அரசவையில் வாயாலேயே வயிறு வளர்க்கும் அம்பலத்தாடி, தன் அடர்ந்த குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் பாடம் தொடங்கியது. "உடம்பு கற்றால் நாக்கு தானாகப் பேசும், மகாராஜா. 'கூர்ச்சோ' என்பேன், உட்காருங்கள். 'எகுரு' என்பேன், குதியுங்கள்."

"ஐயையோ! மன்னருக்கே கட்டளையா? ராஜத்துரோகம்!" என்று கூவினார் மந்திரி வில்லவராயர். அம்பலத்தாடி எப்போது கழுதை ஏறுவான் என்று காத்துக் கிடப்பவர் அவர்.

ராஜாவின் மீசை துடித்தது. அம்பலத்தாடி பதறாமல் கும்பிட்டான்.

"மந்திரியார் சொல்வதே சரி. கட்டளையை மகாராஜா இடட்டும், இன்னொருவர் செய்து காட்டட்டும். ஆனால் ராஜகட்டளைக்குக் குதிக்கும் கௌரவத்தைக் கண்ட ஆளுக்கும் கொடுக்கலாமா?"

ராஜா மெல்லத் திரும்பி மந்திரியைப் பார்த்தார்.

அவ்வளவுதான். "எகுரு!" என்றால் தொந்தி குலுங்க மந்திரி குதித்தார். "பருகெத்து!" என்றால் நந்தவனத்தைச் சுற்றி ஓடினார். ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் பாடம், சபை நடுவிலும் பாடம்! தூக்கத்தில்கூட மந்திரி கால் உதைப்பதாக அவர் மனைவி அழுதாள்.

"அடுத்த சொல்லுக்குப் போகலாமா, மகாராஜா?" என்று அம்பலத்தாடி கெஞ்சினான்.

"இரும் ஐயா, இன்னும் ஒரு ஓட்டம் பார்த்துவிடுவோம்!"

பௌர்ணமியும் வந்தது. வேல்வீரர்கள் புடைசூழ வந்த தூதர், ஏரியைக் கேட்டு மூச்சுவிடாமல் முழங்கினார். ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அம்பலத்தாடி குடுமியை இறுகப் பிடித்துக்கொண்டான். வாசலில் கழுதை வேறு கத்தியது.

தெரிந்ததையாவது சொல்லிவைப்போமென்று ராஜா வாயைத் திறந்தார். "கூர்ச்சோ!"

தெலுங்குக் கட்டளைக்கே ஆடிப் பழகிய வீரர்கள் சட்டென்று உட்கார்ந்தார்கள்.

"எகுரு!"

அத்தனை பேரும் குதித்தார்கள். ராஜாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. சிம்மாசனத்தை விட்டு எழுந்து கர்ஜித்தார்: "பருகெத்து!"

வேலும் கையுமாக வீரர்கள் வாசலைப் பார்த்து ஓட்டமெடுத்தார்கள். அவர்களை நிறுத்தக் கத்திக்கொண்டே தூதரும் பின்னால் ஓடினார். எல்லாருக்கும் முன்னால், தலைப்பாகை பறக்க, வில்லவராயர் ஓடிக்கொண்டிருந்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏரி பிழைத்தது! அம்பலத்தாடி, உம் குடுமிக்கு ஒரு குடம் சந்தனத் தைலம்! அது சரி, மந்திரி எல்லையையே தாண்டிவிடுவார் போலிருக்கிறதே. கூப்பிடும் அவரை!"

அம்பலத்தாடி குடுமியை இறுக்கி முடிந்துகொண்டான்.

"எப்படிக் கூப்பிடுவது, மகாராஜா? 'திரும்பி வா' இன்னும் பாடத்திலேயே வரவில்லையே!"