கருமேகமும் கடைசி மதிலும்

"குருவே, என் குதிரை நின்னுடுது."

தஸ்லீமா திரும்பவில்லை. திரையில் தன் குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே?"

"கடைசி மதில்ல. மத்த தடுப்பெல்லாம் பறக்குது. அந்த மதிலுக்கு முன்னாடி மட்டும் டவுன் பஸ் மாதிரி நிக்குது."

"ம்."

"ம்னா?"

"ம்னா கேட்டுட்டேன்னு அர்த்தம்."

அவளுக்கும் பதினேழுதான், இன்பராஜுக்கும் பதினேழுதான். ஆனால் அந்த கேம் சென்டரில் அவளை எல்லாரும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாக வைத்த பெயர். அவளை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

விளையாட்டின் பெயர் லாயம். ஒரு குதிரையை வளர்க்க வேண்டும். தீனி, குளியல், குளம்பு சுத்தம், அப்புறம்தான் ஓட்டம். மைக்கில் பேசினால் குதிரைக்குக் கேட்கும். தமிழோ, இங்கிலீஷோ, கெட்ட வார்த்தையோ, எதுவானாலும் சரி. எந்த நேரத்தில் எதைச் சொல்கிறோமோ, அதை வைத்து அதுவே அர்த்தம் பிடித்துக்கொள்ளும்.

இது முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். எல்லாரும் படிக்காமல் ஓகே அமுக்கியிருந்தார்கள்.

"சாயங்காலம் கோப்பை ஓட்டம்," என்றான் இன்பா. "இன்னைக்கும் நின்னுச்சுன்னா கருமேகத்தை கேமே எடுத்துக்கும். மேய்ச்சல் காட்டுக்கு அனுப்பிடும். திரும்பக் கிடைக்காது."

"வேற குதிரை எடுத்துக்கோ."

"வேற குதிரை வேணாம்."

அப்போதுதான் அவள் திரும்பினாள்.

"தீனி போடு. பாக்குறேன்."

"நான் தாண்டுறதைப் பத்திக் கேட்டேன்."

"நான் தீனியைப் பத்திச் சொன்னேன்."

இன்பா ஹெட்போனை மாட்டினான். லாயத்தைத் திறந்தான். கருமேகம் அவனைப் பார்த்ததும் ஓடி வந்து தலையை நீட்டியது. கொள்ளு வாளியை முன்னால் வைத்தான்.

"ம், சாப்பிடு. சீக்கிரம். சீக்கிரம்டா, ஓட்டத்துக்குப் போணும். சீக்கிரம், சீக்கிரம்."

கருமேகம் அசையாமல் நின்று மென்றது. வால்கூட ஆடவில்லை.

"தினமும் இப்படித்தானா?" என்றாள் தஸ்லீமா.

"தினமும்தான். ஒரு வேளை தவறினதில்ல. என்னைவிட நல்லாச் சாப்பிடுது."

"சரி. கிளம்பு."

இன்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்ல" என்று எழுந்தான்.

அவள் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தான். தின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கிளம்பு."

எழுந்தான். மறுபடியும் மிட்டாய். உட்கார்ந்தான்.

"என்ன குருவே இது?"

"கடலை மிட்டாய்."

மத்தியானம் முழுக்க இதேதான். அவள் கிளம்பு என்பாள், மிட்டாய் வரும். பக்கத்து சீட்டு செபாஸ்டின், "எனக்கும் ஒரு தடவை சொல்லேன், நானும் கிளம்புறேன்" என்றான். அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மணி நாலாகப் போகிறது. ஓட்டம் தொடங்கும் மணி ஹெட்போனில் அடித்தது.

"கிளம்பு," என்றாள் தஸ்லீமா.

இன்பா கையை நீட்டினான்.

இந்தத் தடவை மிட்டாய் வரவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

கருமேகம் பாய்ந்தது.

முதல் வேலி. தாண்டிவிட்டது. அடுத்து ஓடை. தண்ணீர் திரையெல்லாம் தெறித்தது. சாய்ந்து கிடந்த மரம், அதுவும் பின்னால் போய்விட்டது. குளம்புச் சத்தம் காதுக்குள் தடதடக்க, இன்பாவின் கால்கள் மேசைக்கு அடியில் தானாக உதறின. இருந்த பசங்க எல்லாரும் தங்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நெருக்கினார்கள்.

"டேய், மூணாவது இடம்டா."

"பேசாத, அவன் கெடுத்துடுவான்."

வளைவு திரும்பியது. மதில்.

செங்கல் மதில். ரொம்ப உயரமெல்லாம் இல்லை. தஸ்லீமாவின் குதிரை இதைத் தூங்கிக்கொண்டே தாண்டும்.

மதில் நெருங்கினால் திரை பக்கவாட்டில் திரும்பும். குதிரை முழுசாகத் தெரியும். பிடரி பறக்க, மூக்கு விடைக்க, கருமேகம் நேராக மதிலைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நிற்கிற குதிரை மாதிரியே இல்லை.

மதிலைக் கண்டதும் எப்போதும்போல இன்பா மைக்கில் கத்தினான்.

"சீக்கிரம்—"

குதிரையின் காது அவன் பக்கம் திரும்பியது.

வேகம் குறைந்தது. கழுத்து தாழ்ந்தது. வாய் அசைந்தது.

மென்றது.

வெறும் வாயை மென்றுகொண்டு, வாளி எங்கே என்று தரையில் தேடியது.

இன்பா தன் கையைப் பார்த்தான். சற்று முன் நீட்டிய அதே கை.

"ஐயோ," என்றான் மெதுவாக.

"டேய், நிக்கப் போகுதுடா," என்று செபாஸ்டின் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "சொல்லுடா அதுகிட்ட, சீக்கி—"

இன்பா மைக்கைப் பொத்திக்கொண்டான். முழுக் கையால். ஒரு கையால் மைக்கை அமுக்கி, இன்னொரு கையால் மட்டும் ஓட்டினான். பின்னால் மொத்தக் கூட்டமும் சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தியது. அவன் விரல் வெளுத்துப்போகும்வரை அமுக்கினான். ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை.

வாளி வரவில்லை. சத்தமும் இல்லை.

கருமேகத்தின் வாய் நின்றது. தலை நிமிர்ந்தது. எதிரே மதில் இருப்பது அதற்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

இன்பா குதிரையைக் குதிகாலால் தட்டும் பட்டனைத் தொட்டான். லேசாக.

நான்கு கால்களும் தரையை விட்டு எழுந்தன.

அந்த வயிறு மதிலுக்கு மேலே போனது. பின்னங்குளம்பு ஒரு செங்கலைத் தட்டியது. செங்கல் ஆடியது. விழவில்லை.

அந்தப் பக்கம் மண் பறந்தது.

அப்புறம் அங்கே யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கீழே இருந்த செல்போன் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து, "என்னப்பா, யாருக்காவது கரண்ட் அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

"ஏழாவது இடம்," என்றான் செபாஸ்டின் திரையைப் படித்து. "ஏழாவதுக்காடா என் சட்டையைக் கிழிச்சீங்க?"

இன்பா எதையும் கேட்கவில்லை. லாயத்தைத் திறந்தான். கருமேகம் இருந்தது. வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அதன் இடத்திலேயே இருந்தது. அவனைப் பார்த்ததும் தலையை நீட்டியது.

வாளியை வைத்தான். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தான். பழக்கத்தில் வாய் திறந்தது.

மூடிக்கொண்டான்.

கருமேகம் தின்னத் தொடங்கியது. திரையின் மூலையில் ஸ்கிப் பட்டன் மின்னியது. அதை அமுக்கினால் தீனி நொடியில் முடிந்துவிடும். இன்பா அமுக்கவில்லை.

சென்டர் காலியானது. விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. தஸ்லீமா பையை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்றாள்.

"கிளம்பு," என்றாள்.

இன்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினான்.

"இன்னும் மெல்லுது," என்றான்.