மாப்பிள்ளை எடுத்த கிழங்கு

அந்த மலைச்சரிவில் இருந்த பளியர் குடியில் காட்டு வள்ளிக்கிழங்கு தேடுவதில் மாரக்காளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளிடம் பாடம் கேட்டவன் அவளுடைய அக்கா புருஷன் தவசி. அவளைவிட மூத்தவன், தலை நரைத்தவன். கொழுந்தியாள் குரு, மச்சான் சீடன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான் தவசி. அவன் கவலை வேறு. அடுத்த மலையிலிருந்து வந்து பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன். பேரப்பிள்ளையும் பிறந்தாயிற்று. இன்னும் எல்லோர் வாயிலும் அவன் "மாப்பிள்ளை"தான். பந்தியில் முதல் பங்கு அவனுக்கு வரும். ஆனால் எந்தச் சரிவில் தோண்டுவது, எதை இந்த வருஷம் தொடாமல் விடுவது என்று குடி கூடிப் பேசும்போது மட்டும், "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். மரியாதையாம்!

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"தாயி, நான் எப்பத்தான் இந்த மலைக்காரன் ஆவேன்?"

மாரக்காள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போய் ஒரு கிழங்கு எடுங்க மச்சான். தனியா. பார்ப்போம்."

அவ்வளவுதான். தோண்டுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெண்டாட்டி பின்னாலிருந்து, "கஞ்சி குடிச்சிட்டாவது போய்யா!" என்று கத்தியது அவன் காதில் ஏறவே இல்லை.

உச்சிப்பொழுதில் மலையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல்.

"ஏ புள்ள! மாரக்கா! ஓடியா, ஓடியா!"

மாரக்காள் ஓடினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே, இடுப்பளவுக் குழிக்குள் தவசி நின்றுகொண்டிருந்தான். மீசையெல்லாம் மண். குழியின் மேட்டில் கிழங்கு கிடந்தது, கன்றுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி.

"அடி ஆத்தே!" என்றாள் மாரக்காள். அவளும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. "எப்படி மச்சான் கண்டீங்க?"

"காஞ்ச கொடி ஒண்ணு பாறை இடுக்குல போச்சு. விரல் தண்டிக்கு. விடுவேனா? பாறையைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போகுது, நானும் வளைஞ்சு வளைஞ்சு போறேன். கிழங்கு ஒரு இடத்துலகூட ஒடியலை, பாரு! ஒரு கீறல் இல்லை!"

"இல்லவே இல்லை. இவ்வளவு பொறுமை எங்கிட்டகூடக் கிடையாது."

தவசிக்கு நெஞ்சு விரிந்தது. குழியை விட்டு ஏறி, கிழங்கைத் தோளில் தூக்கக் குனிந்தான்.

மாரக்காள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தலை எங்கே மச்சான்?"

கொடி கிளம்புகிற தலைப்பக்கத்தை வெட்டி, எடுத்த குழியிலேயே வைத்து மண்ணை மூடுவது அந்தக் குடியின் வழக்கம். மழை விழுந்தால் அது மறுபடி துளிர்க்கும். தவசிக்கும் தெரியும். இவள்தானே சொல்லிக் கொடுத்தாள்.

"முழுசாக் கொண்டு போறேன் புள்ள. ஊரே பார்க்கணும். தலையை வெட்டிட்டா மொண்டியால்ல தெரியும்? இந்த ஒரு தடவைதான்."

"ம்."

"இவ்வளவு பெரிய மலையில ஒரு கொடி போனா என்ன?"

மாரக்காள் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கிழங்கின் மேல் வைத்தாள்.

தவசி கிழங்கைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். பிடுங்கிய மாதிரி கத்தியை எடுத்தான். கொடி ஒட்டியிருந்த நுனியில், நகத்தளவு இடம் விட்டு அதை வைத்து அழுத்தப் போனான்.

"இவ்வளவு விட்டா போதுமில்ல?"

"உங்க இஷ்டம்."

"இஷ்டமாவது! எவ்வளவுன்னு சொல்லு தாயி. நீதானே குரு?"

மாரக்காள் குழியோரத்தில் உட்கார்ந்து மண்ணைக் கையால் உள்ளே தள்ளத் தொடங்கினாள்.

"விருந்தாளிக எதையும் விட்டுவைக்கணும்னு இல்லை மச்சான். வயிறாரத் தின்னுட்டு அவங்க ஊருக்குப் போயிடலாம்."

தவசி கத்தியை நகர்த்தி, நன்றாகச் சதை பிடித்த இடம் வரைக்கும் கீழே இறக்கி வைத்து அழுத்தினான்.