மீன்தொட்டியருகே இரண்டு சட்டைகள்

திருப்பூரில் நாச்சிமுத்து என்றொரு முதலாளி குழந்தைச் சட்டைக் கம்பெனி நடத்திவந்தார். அங்கே சரக்கு வாங்கும் வேலையில் இருந்த தமயந்தி, விஷமில்லாத சாயத்தைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டாள். முதலாளி கொதித்துப்போனார்.

“ஏன் அம்மணி, சாயம்னா எல்லாம் ஒண்ணுதானே? வித்தியாசத்தை இப்பவே என் கண்ணுக்குக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுக் கிளம்பு!”

தமயந்தி பழைய சாயத்தில் ஒன்றும் புதிய சாயத்தில் ஒன்றுமாக இரண்டு சட்டைகளை எடுத்துவந்து, அவர் அறையில் ஆசையாக மீன் வளர்த்த தொட்டியருகே நின்றாள்.

“எல்லாம் ஒண்ணுதானுங்களே! இதுல எதை உள்ளே ஊறப் போடட்டுங்க?”

முதலாளி துள்ளி எழுந்தார். “ஐயையோ, பழசைப் போட்டுராதே! மீனெல்லாம் செத்துரும்!”

“குழந்தைங்க சட்டையை வாயில வெச்சுச் சப்புமுங்களே. போன வருஷம் வெளிநாட்டுக்காரங்க நம்ம சரக்கை வேண்டாம்னு சொன்னது இந்தச் சாய விஷத்தாலதானுங்க.”

முதலாளி பழைய சாயச் சட்டையை வாங்கி ஓரமாகப் போட்டார். புதிய சாயச் சட்டைகளே அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மாதிரியாகப் போயின. கைநழுவிய ஆர்டர் திரும்பி வந்தது, கூடவே புது ஆர்டர்களும் வந்தன. யோசனை தன்னுடையது என்றுதான் அவர் ஊரெல்லாம் பெருமையடித்தார். தமயந்தி மறுக்கவில்லை. சம்பள உயர்வு கேட்க இதைவிட நல்ல நேரம் வராது என்று நேரே அவர் அறைக்குள் போனாள்.