முசல்கரட்டுப் பாதைச் சங்கத்தார்

ஓணாம்பட்டிக்காரர்களை யாரும் கெட்டவர்கள் என்று சொன்னதில்லை. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ஊருக்கு மேற்கே முசல்கரடு என்று ஒரு சின்னக் குன்று. பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அங்குசாமிக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னபோது, அவர் நடந்தது அந்தக் கரட்டில்தான். முதலில் சர்க்கரைக்காக ஏறினார். சர்க்கரை இறங்கிய பிறகும் ஏறினார். உச்சிப் பாறையில் உட்கார்ந்தால் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவிவிட்டுப் போகும். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவருக்கு, உட்கார்ந்த இடத்துக்குக் காற்று தேடி வருவது பெரிய விஷயம்.

அந்தக் கரட்டை உடைத்து ஜல்லியாக்கப் போகிறார்கள் என்று சேதி வந்த காலையில் அங்குசாமிக்கு இட்லி இறங்கவில்லை. இட்லிக் கடை வைத்திருந்த சுருளியம்மாள், "என்னண்ணே, இட்லி கல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"கல்லைப் பத்தித்தாம்மா கவலை" என்றார் அங்குசாமி.

அந்தக் கடை பெஞ்சிலேயே முசல்கரடு பாதுகாப்பு மற்றும் நடைபாதைச் சங்கம் பிறந்தது. அங்குசாமி தலைவர். சுருளியம்மாள் செயலாளர். வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் குப்பமுத்து துணைத் தலைவர். ஆடு மேய்க்கும் பெத்தணனுக்குக் கொடுக்கப் பதவி மிச்சமில்லாததால் அவன் உறுப்பினர். நிர்வாகிகள் ஓட்டுப் போட்டால் பாரபட்சம் ஆகிவிடும் என்று ஓட்டுரிமையைப் பெத்தணனுக்கு மட்டும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சங்கத்தின் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாகவே நிறைவேறின.

திங்கட்கிழமை வனவர் தில்லைநாயகி வந்தார். நல்ல மனுஷி. கரடு மேல் அவருக்கும் ஆசை.

"வெள்ளிக்கிழமை சப்-கலெக்டர் நேர்ல பாக்க வர்றாங்க" என்றார். "கல்லு உடைக்கிற கிரஷர் வச்சிருக்க மாயக்கண்ணன், 'அது வெறும் மொட்டைப் பாறை, ஆளும் போறதில்ல, ஒரு குருவியும் வர்றதில்ல'ன்னு மனு குடுத்திருக்காரு. நீங்க பாதையை ஒழுங்கா வச்சிருந்தா கரடு பொழைக்கும். மூணே விஷயம். ஆளுங்க வழி தவறுற இடமா பாத்து அம்புக்குறி போடுங்க. ரெண்டாவது, கரட்டுலேருந்து எதையும் எடுத்துட்டு வரக் கூடாது. காலடித் தடத்தைத் தவிர எதையும் அங்க விட்டுட்டும் வரக் கூடாது. மூணாவது, மாயக்கண்ணன் ஆளுங்க வந்து எல்லைக்கல்லு ஊனுனா பாத்துக்குங்க."

அங்குசாமி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நால்வரும் சுண்ணாம்பு வாளியோடு அடிவாரத்தில் நின்றார்கள். குப்பமுத்துதான் சிக்கலைக் கண்டுபிடித்தான்.

"தலைவரே, வழி தவறுற இடத்துல அம்பு போடணும். நமக்குத்தான் இந்தக் கரட்டுல வழி தவறவே தவறாதே. எங்கன்னு போடுறது?"

அங்குசாமி யோசித்தார். நியாயமான கேள்வி. பல வருஷமாக ஏறி இறங்குகிற கரடு. "அப்ப நாம பாடுபட்டாவது வழி தவறித்தான் ஆகணும்" என்றார்.

பெத்தணன் கையைத் தூக்கினான். தீர்மானம் நிறைவேறியது.

ஆளாளுக்குத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கால் போன போக்கில் நடந்தார்கள். குப்பமுத்து மட்டும் கண்ணைக் கட்டாமல் வாளியோடு பின்னால் போனான். சுருளியம்மாள் கள்ளிப்புதரில் போய் முட்டி நின்றாள். "யக்கா, இங்க தவறிட்டீக!" என்று கூவிக்கொண்டே குப்பமுத்து அங்கே ஓர் அம்புக்குறி போட்டான். பெத்தணன் ஒரு பள்ளத்தில் உருண்டான். அங்கே ஒன்று. அங்குசாமி ஒரு பாறையையே மூன்று தரம் சுற்றினார். அதற்கு மூன்று.

முதல் அம்பு போடும்போதே குப்பமுத்து கேட்டிருந்தான்: "அம்பு எந்தப் பக்கம் காட்டணும் தலைவரே? நாம போயிருக்க வேண்டிய பக்கமா, போன பக்கமா?"

"போன பக்கம்தான். நடக்காததை எழுதுனா பொய்யாப் போயிரும்" என்றார் அங்குசாமி. டிக்கெட் கொடுக்கும் காலத்திலும் அவர் அப்படித்தான். ஏறிய இடத்தைத்தான் கிழிப்பார்.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு அம்புக்குறிகள். ஒன்றுகூட உச்சியைக் காட்டவில்லை. வேலை முடிந்த திருப்தியில் இறங்கினார்கள்.

புதன்கிழமை இரண்டாவது விஷயம். ஏறும்போதே பெத்தணன் காலில் ஒரு கருவேல முள் குத்திவிட்டது. "ஆத்தே" என்று உட்கார்ந்தான். சுருளியம்மாள் பிடுங்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இவன் இதைக் காலோட வீட்டுக்குக் கொண்டுபோனா, கரட்டுலேருந்து எடுத்துட்டுப் போனதா ஆகாது?"

"ஆகும்."

"பிடுங்கி இங்க போட்டா?"

"காலடித் தடத்தைத் தவிர எதையும் விடக் கூடாதுல்ல" என்றான் குப்பமுத்து.

பெத்தணன் வலியோடு மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நான் இங்கயே குடியிருந்துர வேண்டியதுதானா?"

அங்குசாமிக்கு மனசு கேட்கவில்லை. "முள்ளு மரத்தோடது. மரத்துக்கிட்டயே குடுத்துட்டா எடுத்ததும் இல்ல, விட்டதும் இல்ல" என்றார். அங்கிருந்த கருவேல மரங்களில் எதன் முள் என்று அரை மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்து, நிறம் பொருந்திய கிளையில் சுருளியம்மாள் தன் முந்தானை நூலை உருவி முள்ளைக் கட்டிவைத்தாள். பெத்தணன் மரத்தைக் கும்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தான்.

அடுத்தது காலடித் தடம். பாறை மேல் நான்கு பேரும் தம்தம்மென்று மிதித்தார்கள். தடம் விழவில்லை. பெத்தணன் நல்ல காலால் குதித்தும் பார்த்தான்.

"விட்டுட்டு வாங்கன்னு அந்தம்மா அவ்வளவு சொல்லியும் ஒரு தடம்கூட விட முடியலையே" என்று அங்குசாமி கலங்கினார். வெள்ளிக்கிழமை சப்-கலெக்டர் கேட்டால் என்ன சொல்வது?

"இதுக்கா கலங்குறீக?" என்றாள் சுருளியம்மாள். கடைக்குப் போய் ஒரு குண்டான் நிறைய அரிசி மாவைக் கரைத்துக்கொண்டு வந்தாள். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலில் போடுவது மாதிரி, கையை மடக்கி ஒரு குத்து, மேலே விரலால் ஐந்து புள்ளி. அம்புக்குறி போன பாதையெல்லாம், கள்ளிப்புதர் வரை, பள்ளம் வரை, சின்னச் சின்னப் பாதங்கள். முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் சின்னக் காலாப் போச்சோ?" என்றார் அங்குசாமி.

"அந்தம்மா அளவு சொல்லல" என்றாள் சுருளியம்மாள்.

வியாழக்கிழமை பெத்தணன் காவல். மத்தியானம் இட்லிக் கடைக்கு முகமெல்லாம் பெருமையாக வந்தான்.

"தலைவரே, மாயக்கண்ணன் ஆளுக வந்தாக. ஏழு கல்லு ஊனுனாக. பாத்துக்கிட்டேன்."

அங்குசாமி டீயைக் கீழே வைத்தார். "பாத்துக்கிட்டு?"

"பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணு இமைக்கல. மூணாவது கல்லு சாஞ்சுச்சு. நான்தான் பிடிச்சு நேரா நிப்பாட்டுனேன்."

மற்ற இருவரும், "சரியாத்தானே செஞ்சிருக்கான்?" என்று பார்த்தார்கள். அங்குசாமிக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று எழுந்தார். கரட்டுக்கு ஓடினார். ஏழு கற்கள், சிவப்புச் சாயம் பூசி, பல்லை இளித்துக்கொண்டு நின்றன. நாளைக்கு இதைப் பார்த்தால் கரடு மாயக்கண்ணனுடையது என்றல்லவா சப்-கலெக்டர் நினைப்பார்?

"பிடுங்கி எறிஞ்சிருவோமா?" என்றான் குப்பமுத்து.

"எறிஞ்சா, எடுத்ததா ஆயிரும்" என்றார் அங்குசாமி. உச்சிப் பாறையை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காற்றை ஜல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போவது போலவே இருந்தது அவருக்கு. ஒரு கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சுருளியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, கல்லை எடுக்கத்தானே கூடாது? இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லலையே?"

பெத்தணன் கையைத் தூக்கினான். குப்பமுத்து ஓடிப்போய் சுண்ணாம்பு வாளியை எடுத்துவந்தான். ஏழு கற்களிலும் பெரிய எழுத்தில் எழுதினான்:

இந்தக் கல் இங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது. சப்-கலெக்டர் இறங்கினார். சின்ன வயசுப் பெண், கெட்டியான காலணி. பின்னாலேயே வெள்ளை வேட்டியில் மாயக்கண்ணன். தில்லைநாயகி அங்குசாமியைப் பார்த்து, "எல்லாம் சொன்னபடி செஞ்சாச்சா?" என்று கண்ணாலேயே கேட்டார். "சொன்னபடியேதாம்மா" என்றார் அங்குசாமி. அந்த அம்மாவுக்கு அப்போதே லேசாகப் பயம் வந்துவிட்டது.

அம்புக்குறியைப் பார்த்து நடந்தார்கள். முதல் அம்பு கள்ளிப்புதருக்குக் கொண்டுபோனது. கள்ளிப்புதர் அம்பு பள்ளத்துக்கு. பிறகு ஒரு பாறையை எல்லோரும் மரியாதையாக மூன்று தரம் சுற்றினார்கள். மாயக்கண்ணன் வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. "இதெல்லாம் ஒரு பாதையா மேடம்?" என்று மூச்சு வாங்கினார்.

பாறையைத் தாண்டிக் கரட்டின் பின்பக்கம் திரும்பியதும் சப்-கலெக்டர் சட்டென்று நின்று உதட்டில் விரலை வைத்தார்.

மாவுப் பாதங்களுக்கு எறும்பு வந்திருந்தது. எறும்புக்குக் கவுதாரி வந்திருந்தது. மாவுக்கே அணிலும் தவிட்டுக்குருவியும் புறாவும் வந்திருந்தன. இரண்டு மயில்கள் ஒவ்வொரு பாதமாகக் கொத்திக்கொண்டு, யாரோ அளந்துவிட்டதுபோல் வரிசையாக நடந்துகொண்டிருந்தன.

"ஒரு குருவிகூட வராதுன்னு எழுதியிருந்தீங்களே, மிஸ்டர் மாயக்கண்ணன்?" என்றார் சப்-கலெக்டர், மெதுவாக.

"இதுக... இன்னைக்கு விருந்தாளியா வந்திருக்கும் மேடம்."

சப்-கலெக்டர் இரண்டடி நடந்து குனிந்தார். "இது என்ன கல்லு? உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே எல்லைக்கல்லு ஊனுனது யாரு?"

மாயக்கண்ணன் முகம் வெளிறியது. ஊன்றியது தன் ஆட்கள்தான் என்றால் வழக்கு. கல்லைப் பார்த்தார். கல்லில் இருந்த எழுத்தைப் பார்த்தார். கரை ஏறக் கயிறு கிடைத்தவர் மாதிரி பிடித்துக்கொண்டார்.

"கல்லே இல்லைங்களே மேடம். அதுலயே எழுதியிருக்கு பாருங்க."

"அதைத்தாங்க நாங்களும் சொல்றோம்" என்றான் பெத்தணன், ஆமோதித்து.

சப்-கலெக்டர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகம் கறாராக இருந்தது. மாயக்கண்ணனின் மனுவை அங்கேயே தள்ளுபடி செய்தார். கிழிந்த வேட்டியோடு அவர் இறங்கினார். நடுவில் ஓர் அம்புக்குறியை நம்பிப் போனதில், பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி.

அங்குசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. சப்-கலெக்டர் ஜீப்பில் ஏறும் முன் அவரிடம் சொன்னார்: "ஐயா, இனிமே இந்தக் கரடு உங்க கையில. எக்காரணம் கொண்டும் கைவிட்டுறாதீங்க."

ஜீப் கிளப்பிய தூசி அடங்கியது.

"கைவிடக் கூடாதாம்" என்றான் குப்பமுத்து.

"கேட்டுச்சு" என்ற அங்குசாமி, விறுவிறுவென்று போய் அடிவாரப் பாறையில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்தார். மனசு நிறைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், சாப்பாட்டு வேளை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. பெத்தணன் கையைத் தூக்கினான். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று தீர்மானமானது.

மறுநாள் காலையில் நன்றி சொல்ல வந்த தில்லைநாயகி, சுருளியம்மாள் பாறையில் கை வைத்துச் சாய்ந்து நிற்பதையும், பக்கத்தில் அங்குசாமி கையைத் துடைத்துக்கொண்டு தயாராவதையும் பார்த்தார்.

"என்னங்கய்யா பண்றீங்க?"

"செத்த பேசாம இருங்கம்மா. கை மாத்துற நேரம்" என்றார் அங்குசாமி. சுருளியம்மாளின் கையை ஒட்டித் தன் கையை வைத்தார். "ம், பிடிச்சுட்டேன். மெதுவா விடு."

"நல்லாப் பிடிச்சீகளா அண்ணே?"

"பிடிச்சுட்டேன், விடும்மா."

சுருளியம்மாள் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். அங்குசாமி பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

"அடேயப்பா" என்றார், "இம்புட்டுக் கனத்தையா ஒத்தையில வச்சிருந்த!"