லின்னருக்கு ரெண்டு தட்டு

மில் விடுதி மேனேஜர் குலசேகரனுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். தொழிலாளிப் பெண்களின் மதியச் சோற்றையும் ராத்திரிச் சோற்றையும் ஒன்றாக்கி, நாலு மணிக்கு ஒரே வேளை போட்டு, அதற்கு 'லின்னர்' என்று பேரும் வைத்துவிட்டார்!

"ராத்திரிச் சோறு எங்க சார்?" என்று அவர்களில் ஒருத்தியான செண்பகவடிவு கேட்டேவிட்டாள்.

"லின்னரைப் பிரிச்சுக் காட்டு, போடுறேன்!" அவளுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம்.

அவள் ரெண்டு தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்தாள். "நீங்கதான் மேதை. நீங்களே பிரிச்சு வைங்க சார்."

மேனேஜருக்குக் குஷி பிறந்துவிட்டது. முதல் தட்டைத் தட்டினார். "லின்! இது லஞ்ச்." அடுத்ததைத் தட்டினார். "னர்! இது டின்னர்."

செண்பகவடிவு சமையல்கட்டைப் பார்த்துக் கூவினாள். "மாஸ்டர், ரெண்டு வேளைன்னு சாரே சொல்லிட்டாரு. டின்னர் தட்டு காலியாக் கெடக்கு!"

அவ்வளவுதான். விடுதியே தட்டைத் தட்டியது. "னர்! னர்! னர்!"

மேனேஜரே கரண்டியைத் தூக்கிச் சோறு போடும்வரை அந்தச் சத்தம் ஓயவில்லை.